வாட்டைக் கூட்டினால் லேசர் புள்ளி பளிச்சென்று தெரியுமா?

சித்திரை பிறந்து வயல் காய்ந்ததும் டெல்டாவில் வயலை மட்டப்படுத்தும் லேசர் லெவலர் வண்டிகள் இறங்கிவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நிலம் தயாராக இருக்க வேண்டுமே. அந்த நாட்களில் வரப்பில் நிற்பவர் காதில் இரண்டு பேச்சு தவறாமல் விழும். ஒன்று, "லேசர் விரியாது, நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும்." இன்னொன்றைக் கொத்தனார்களும் சேர்ந்து சொல்வார்கள்: "வெயில்ல புள்ளி தெரியலையா? பவர் பத்தலை, நூறு மில்லிவாட்ல ஒண்ணு வாங்கிப் போடு." முதலாவது தப்பு. இரண்டாவது பாதி தப்பு, கூடவே ஆபத்து.

"இங்கே பார்" என்று ஓர் இடத்தைக் காட்டுவதற்காக மட்டும் விழும் லேசர் ஒளியைச் சுட்டுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் கருவி, தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர், மர அறுவை மில்லில் வாள் இறங்கும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு, கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பேர் வெட்டும் மெஷின் என்று இது எங்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: புள்ளி சின்னதாக, பளிச்சென்று, சுற்றியுள்ள வெளிச்சத்தை மீறித் தெரிய என்ன செய்ய வேண்டும்? விடையில் வாட்டுக்குப் பங்கு உண்டு. லென்ஸுக்கும் நிறத்துக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரியது.

ஒரு மடைத் தண்ணீர்

ஒரு மா நிலத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிறது. அதே தண்ணீரை ஒரு வேலிக்குப் பரப்பிவிட்டால் என்ன ஆகும்? வேலி என்பது இருபது மா. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம்தான் தேறும். மண் நனைந்ததோடு சரி. தண்ணீர் குறையவில்லை, பரப்புதான் கூடியது.

லேசரின் வாட் என்பது அந்த மொத்தத் தண்ணீர். புள்ளியின் பரப்பு என்பது வயல். கண்ணுக்குத் தெரியும் பிரகாசம் என்பது நிற்கும் தண்ணீரின் உயரம்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பரப்பு விட்டத்தின் வர்க்கமாக ஏறும். புள்ளியின் விட்டம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு. ஆகவே நூறு மடங்கு வாட் உள்ள லேசர் வாங்கி, அதன் லென்ஸ் தரமில்லாமல் இருந்து புள்ளி பத்து மடங்கு விரிந்தால், கொடுத்த காசுக்குக் கிடைத்தது அதே பழைய பிரகாசம்தான். சந்தையில் விற்கும் மலிவான அதிக வாட் லேசர் பேனாக்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

உள்ளே இருப்பது கம்பி போன்ற ஒளி இல்லை

1960-ல் தியோடர் மைமன் செய்த முதல் லேசர் ஒரு மாணிக்கக் கோலைக் கொண்டு இயங்கியது. இன்று நம் கையில் இருக்கும் கருவிகளில் அரிசியை விடச் சின்ன குறைகடத்திச் சில்லு ஒன்று இருக்கிறது. பெயர் லேசர் டையோடு. அதிலிருந்து ஒளி நேர்கோடாக வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விசிறியாக விரிந்து வருகிறது: ஒரு திசையில் சுமார் 30 டிகிரி, அதற்குக் குறுக்கே சுமார் 10 டிகிரி. லென்ஸ் இல்லாமல் டையோடைச் சுவருக்குக் காட்டினால் புள்ளி விழாது, மங்கலான நீள்வட்டப் பட்டைதான் விழும்.

அந்த விசிறியை இணைக் கதிர்களாக மாற்றித் தருவது கோலிமேட்டர் லென்ஸ். டையோடு அதன் குவியத்தில், அதாவது இணைக் கதிர்கள் வந்து கூடும் புள்ளியில், அச்சாக இருக்க வேண்டும். இந்த "அச்சாக" என்ற சொல்லில்தான் மலிவுக்கும் தரத்துக்கும் உள்ள வித்தியாசமே கிடக்கிறது. லென்ஸுக்கும் குவியத்துக்கும் உள்ள தூரம், அதாவது குவியதூரம், 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். லென்ஸ் தன் இடத்திலிருந்து 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தால், தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட இல்லை, முப்பது மீட்டர் தள்ளி உள்ள சுவரில் புள்ளி சுமார் 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். நல்ல கருவிகளில் லென்ஸ் மரையுள்ள பித்தளைக் குழாயில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்து, சரிபார்த்தபின் பசை வைத்துப் பூட்டப்பட்டிருப்பது இதனால்தான்.

பிளாஸ்டிக் லென்ஸுக்கு இன்னொரு நோயும் உண்டு. சூடேறினால் அதன் குவியதூரம் மாறும். ஏ.சி. கடையில் வைத்துப் பார்த்தபோது கூராக இருந்த புள்ளி, டிராக்டர் சீட்டில் வெயிலில் கிடந்த கருவியில் கொழகொழவென்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கண்ணாடி லென்ஸில் இந்த மாற்றம் மிகக் குறைவு.

சாயங்காலம் கையில் ஒரு சிவப்பு லேசர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பக்கத்துச் சுவரில் அடித்தால் புள்ளி நெட்டுக்குத்தலான நீள்வட்டமாகத் தெரிகிறது என்று வையுங்கள். அப்படியே தெருவின் மறுகோடியில் உள்ள சுவருக்குத் திருப்புங்கள், ஆள் நடமாட்டம் இல்லையென்று பார்த்துக்கொண்டு. நீள்வட்டம் இப்போது படுத்துக் கிடக்கும். கையை யாரும் திருப்பவில்லை, ஆனால் புள்ளி திரும்பிவிட்டது! (சில பேனாக்களில் முன்னால் ஒரு வட்டத் துளை வைத்து ஓரத்தை வெட்டியிருப்பார்கள், அவற்றில் இது சரியாகத் தெரியாது.) ஏன் இப்படி என்பதுதான் அடுத்த விஷயம். இந்தக் கட்டுரையில் வரும் விஷயங்களில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே.

விரியாத லேசர் கிடையாது

லென்ஸை அச்சாக வைத்தாயிற்று, சூட்டையும் சமாளித்தாயிற்று. அப்படியும் ஒளிக்கற்றை விரியும். ஒளி ஓர் அலை. அலையை ஒரு குறுகிய வாய் வழியாக அனுப்பினால் வெளியே வந்ததும் பக்கவாட்டில் பரவும். இதற்கு விளிம்பு விலகல் என்று பெயர். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதை ஒழிக்க முடியாது.

இதன் விதி கொஞ்சம் தலைகீழ். கற்றை புறப்படும்போது எவ்வளவு ஒல்லியோ, போகப்போக அவ்வளவு வேகமாக விரியும். புறப்படும்போது பருமனாக இருந்தால் மெதுவாக விரியும். நம் நீள்வட்டம் திரும்பிய கதை இதுதான்: கிட்டத்தில் ஒடுங்கியிருந்த பக்கம் வேகமாக விரிந்து, அகலமாக இருந்த பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது.

எண்களில் பார்த்தால் பளிச்சென்று புரியும். சிவப்பு லேசர், நூறு மீட்டர் தூரம். 3 மில்லிமீட்டர் பருமனில் புறப்படும் நல்ல கற்றை அங்கே போய்ச் சேரும்போது 28 மில்லிமீட்டராக இருக்கும். 30 மில்லிமீட்டரில் புறப்பட்டால் ஏறக்குறைய விரியவே விரியாது, ஆனால் புள்ளியும் 30 மில்லிமீட்டர்தான். நடுவில் 9 மில்லிமீட்டரில் புறப்படச் செய்தால் 13 மில்லிமீட்டரில் முடியும். இணையாக அனுப்பும் கற்றையில் நூறு மீட்டருக்கு இதைவிடச் சின்னப் புள்ளி வராது. ஆக, ஒவ்வொரு தூரத்துக்கும் ஏற்ற ஒரு பருமன் உண்டு. அதற்குக் குறைந்தாலும் நட்டம், கூடினாலும் நட்டம்.

கற்றையைப் பருமனாக்கும் வேலையைச் செய்வது கற்றைப் பெருக்கி. இரண்டு லென்ஸ், முதலாவது விரிக்கும், இரண்டாவது மறுபடி இணையாக்கும். தொலைநோக்கியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தது போன்ற அமைப்பு என்று சொன்னால் தப்பில்லை. தூரத்துக்கான கருவிகளின் முன்கண்ணாடி அகலமாக இருப்பது அழகுக்காக அல்ல.

சரி, நூறு மீட்டரில் 13 மில்லிமீட்டருக்கும் சின்னதாக வேண்டுமென்றால்? அதற்கும் வழி உண்டு. இணையாக அனுப்பாமல், அந்தத் தூரத்தில் குவியுமாறு லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். 30 மில்லிமீட்டர் கற்றையை நூறு மீட்டரில் குவித்தால் புள்ளி கணக்குப்படி 3 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் ஐம்பது மீட்டரில் அதே கற்றை 15 மில்லிமீட்டர் பருமனில் நிற்கும். ஒரே தூரத்துக்கு என்றால் குவிப்பது லாபம். கிட்டத்திலும் எட்டத்திலும் மாறி மாறிப் பார்க்க வேண்டுமென்றால் இணைக் கற்றைதான் சரிப்படும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பிரகாசம் என்பது வாட்டைப் பரப்பால் வகுத்தது. பரப்பைத் தீர்மானிப்பவை லென்ஸ் சரியான இடத்தில் இருப்பதும், கற்றை எந்தப் பருமனில் புறப்படுகிறது என்பதும். விட்டம் பாதியானால் பிரகாசம் நான்கு மடங்கு, ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவில்லாமல்.

பச்சை ஏன் கண்ணைப் பறிக்கிறது

கொத்தனார்கள் சிவப்பை விட்டுப் பச்சைக்கு மாறிவருவதைக் கவனித்திருப்பீர்கள். "பச்சைக்குப் பவர் ஜாஸ்தி" என்பார்கள். இரண்டிலும் வாட் ஒன்றாகவே இருந்தாலும் பச்சைதான் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் விஷயம் லேசரில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது.

ஒளியின் நிறத்தை எண்ணால் குறிப்பது அலைநீளம். ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி அது, நானோமீட்டரில் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. அதை நூறு என்று வைத்தால், 532 பச்சை சுமார் 88, 520 பச்சை சுமார் 71. சிவப்புக்கு வந்தால் 635-க்கு சுமார் 22, சாதாரணப் பேனாவின் 650-க்கு வெறும் 11. 670-க்கு மூன்றுதான்.

இந்த வரிசையில் கடைக்காரர் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. சிவப்புக்குள்ளேயே 650-ஐ விட்டு 635 வாங்கினால் அதே வாட்டில் இரண்டு மடங்கு பிரகாசம். பெட்டியின் பக்கத்தில் பொடி எழுத்தில் அலைநீளம் அச்சிட்டிருக்கும். வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பச்சையிலும் இரண்டு சாதி. 532 என்பது நேரடிப் பச்சை இல்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒன்று ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை எழுப்ப, இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கித் தருவதுதான் அந்தப் பச்சை. படிகங்கள் சூட்டுக்கும் குளிருக்கும் ஒத்துழையாமை செய்யும். வடிகட்டி சரியில்லாத மலிவுப் பேனாவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வரும். 520 என்பது நேரடிப் பச்சை டையோடு. கண்ணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும், வெயிலில் உழைக்க இதையே சொல்வேன்.

எதிராளி சூரியன்

ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் சில நூறு லக்ஸ். உச்சி வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம்.

ஒரு மில்லிவாட் 650 சிவப்பை 5 மில்லிமீட்டர் புள்ளியில் குவித்தால் சுமார் 3,700 லக்ஸ். வீட்டுக்குள் அது ராஜா. வெயிலில் நூறுக்கு நாலு பங்குகூட இல்லை. அதே ஒரு மில்லிவாட் 520 பச்சையானால் சுமார் 25,000 லக்ஸ். வெயிலில் கால் பங்கு, பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். சிவப்புப் புள்ளி நூறு மீட்டர் போய் 28 மில்லிமீட்டராக விரிந்தபின் எவ்வளவு தெரியுமா? சுமார் 120 லக்ஸ். பட்டப்பகலில் வெறுங்கண்ணால் அதைத் தேடுவது வீண்.

விழுகிற இடமும் கணக்கில் உண்டு. உழுத ஈரக் கரிசல் மண் வந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெள்ளை அட்டை பெரும்பகுதியைத் திருப்பித் தரும், ஆனால் வெயிலையும் சேர்த்தே திருப்பித் தரும். ஆகவே அட்டையை நிழலில் பிடிப்பதுதான் தந்திரம். குடையை விரித்து அட்டைக்கு நிழல் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கருவியோடு வரும் சிவப்புக் கண்ணாடி, சிவப்பு அல்லாத நிறங்களை வெட்டிப் புள்ளியை எடுத்துக் காட்டும். அது லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லை. பெயரிலும் நிறத்திலும் ஏமாந்து, அதைப் போட்டுக்கொண்டு கற்றைக்கு நேரே பார்ப்பவர்கள் உண்டு.

அப்படியானால் லேசர் லெவலர் வெயிலில் எப்படி வேலை செய்கிறது? அது கண்ணை நம்பவில்லை. வரப்போரம் முக்காலியில் நிற்கும் கருவி, கற்றையை நிமிடத்துக்குச் சில நூறு சுற்று வீதம் சுழற்றி, வயல் முழுக்க ஒரு மட்டத் தளத்தை விரிக்கிறது. டிராக்டர் இழுக்கும் மண்வாரிப் பக்கெட்டின் மேல் கம்பத்தில் இருக்கும், ஒளியை உணரும் ரிசீவர் அந்தத் தளத்தைத் தேடிப் பிடித்து, பக்கெட்டை ஏற்றவும் இறக்கவும் டிராக்டரின் ஹைட்ராலிக் வால்வுக்குச் சொல்கிறது. நூறு மீட்டர் ஆரத்தில் கற்றை ஒரு சுற்றுக்கு 628 மீட்டர் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நம் 28 மில்லிமீட்டர் புள்ளி ஓர் இடத்தில் தங்குவது நொடியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது இல்லாத மாதிரிதான். ரிசீவருக்கோ அது திடீரென்று வந்துபோகும் ஒரு துடிப்பு. சூரியன் மாறாமல் அடிக்கிறது, லேசர் மின்னி மறைகிறது. மாறாததைக் கழித்து மின்னுவதை மட்டும் எடுத்துக்கொள்ள அதன் மின்சுற்றுக்குத் தெரியும். முன்னால் லேசரின் நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியும் உண்டு. புள்ளி பெரிதாக இருந்தாலும் அதன் நடுமையத்தைக் கணக்கிட்டுக்கொள்வதால், வயலை இரண்டு சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வுக்குள் கொண்டுவர முடிகிறது.

உச்சி வெயிலில் அதற்கும் ஒரு தொல்லை வரும், கானல். காய்ந்த மண்ணுக்கு மேலே சூடான காற்றும் அதற்கு மேலே கொஞ்சம் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் கற்றை மேலும் கீழும் ஆடும். காலையிலும் சாயங்காலத்திலும் ஓட்டுவது, முக்காலியை உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான் மருந்து. லென்ஸை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

பாத்திரக் கடைச் சிவப்புப் புள்ளி

சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷினை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், சுட்டுப்புள்ளி வடிவமைப்பின் சிக்கல்கள் முழுக்க அங்கே இருக்கின்றன. எவர்சில்வரில் எழுத்தைப் பதிக்கும் ஃபைபர் லேசர் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே விழப்போகிறது என்று காட்டத்தான் ஒரு சின்னச் சிவப்பு லேசர், அதே கண்ணாடிகள் வழியாக, அதே லென்ஸ் வழியாக, எழுத்து வரப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறது.

லென்ஸோ 1064-க்காகக் கடைந்தது. சிவப்பை அது கொஞ்சம் அதிகமாக வளைக்கும். அதனால் சிவப்புக் கட்டத்தின் அளவும் இடமும் உண்மையான எழுத்திலிருந்து சிறிது விலகும். "மெஷின் கோணலா வெட்டுது" என்று கடைகளில் வரும் புகாருக்கு இந்த விலகலும் ஒரு காரணம். மென்பொருளில் ஒரு தடவை அளந்து திருத்திவிட்டால் தீரும். சில மெஷின்களில் சாய்வாக வரும் இன்னொரு சிவப்புப் புள்ளியும் இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கூடும் உயரம்தான் வெட்டும் லேசர் குவியும் உயரம். குடத்தின் வயிறு வளைந்திருப்பதால் பேரின் நடு எழுத்தில் கூடிய புள்ளிகள் கடைசி எழுத்தில் பிரிந்து நிற்கும். அந்த எழுத்து மங்கலாக வருவதும் அதனால்தான்.

பளபளப்பான எவர்சில்வரில் இன்னொரு வேடிக்கை, சிவப்புப் புள்ளியே காணாமல் போகும். சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் நம் கண்ணுக்கு வரும். மெருகேற்றிய பரப்பு மொத்தத்தையும் ஒரே திசையில் அனுப்பிவிடும். அதனால்தான் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டிப் புள்ளியைச் சரிபார்த்துவிட்டு, டேப்பை உரித்து வெட்டுவார்கள்.

லேசர் புள்ளிக்குள் மணல் தூவினாற்போல் பொடிப்பொடியாக மின்னுவதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். சுவரின் சொரசொரப்பிலிருந்து கிளம்பும் அலைகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அழிந்தும் உண்டாக்கும் கோலம் அது. தலையை அசைத்தால் அதுவும் அசையும். பெயர் ஸ்பெக்கிள்.

நூறு மில்லிவாட் ஏன் வேண்டாம்

கண்ணுக்கும் ஒரு லென்ஸ் உண்டு. உள்ளே நுழையும் லேசர் கற்றையை அது விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குக் குவித்துவிடும். பரப்பு அவ்வளவு குறைந்தால் மேலே பார்த்த வகுத்தல் கணக்கு என்ன சொல்லும் என்று பாருங்கள். கருவியின் மேல் "கிளாஸ் 2" என்று எழுதியிருந்தால் அதிகபட்சம் ஒரு மில்லிவாட். கண் கூசி இமை மூடும் கால் நொடிக்குள் பெரும்பாலும் தீங்கு வராது என்பதே அந்த வரம்பின் கணக்கு. "கிளாஸ் 3ஆர்" ஐந்து மில்லிவாட் வரை. நூறு மில்லிவாட்டில் இமை மூடுவதற்குள் காயம் பட்டுவிடும். வேலையாட்களும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில், அதுவும் பளபளப்பான பாத்திரமோ தேங்கிய தண்ணீரோ கற்றையைத் திருப்பி அனுப்பக்கூடிய இடத்தில், அதைக் கொண்டுவந்து நிறுத்துவது அநியாயம்.

வாங்கும்போது கடைக்கு எதிரே நீளமான சுவரோ காலித் தெருவோ இருந்தால் நல்லது. ஒரு மீட்டரில் புள்ளியின் விட்டத்தை அளந்து கொள்ளுங்கள், அப்புறம் முப்பது மீட்டரில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிமீட்டரில் எடுத்து 29-ஆல் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் விரிகிறது என்று வந்துவிடும். ஒன்றுக்குக் கீழே என்றால் சாதாரண வேலைக்குப் போதும். இரண்டு, மூன்று என்று ஏறினால், பெட்டியில் எத்தனை வாட் போட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நன்றாக இருந்த கருவி திடீரென்று மங்கினால் முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள். ஒரு விரல்ரேகை போதும், ஒளி சிதறிப் புள்ளியைச் சுற்றிப் புகைமூட்டம் கட்டிவிடும். லெவலிங் நாட்களில் புழுதி சொல்லவே வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டு முனையால் துடைத்தால் அதிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும், அப்புறம் அந்தக் கீறலே நிரந்தரமாக ஒளியைச் சிதறடிக்கும். முதலில் காற்றூதும் பல்பால் புழுதியை ஊதித் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் திரவத்தை மெல்லிய லென்ஸ் துணியில் தொட்டு, அழுத்தாமல் ஒரே பக்கமாகத் துடைத்தால் போதும்.